பேச்சியம்மாள் அக்கா புதைத்து வைத்த பதினோரு கற்கள்

லாரிக்கார அந்தோணிதான் செய்தி கொண்டுவந்தார். காலை எட்டு மணி இருக்கும். கோதுமை மூட்டை ஏற்ற வந்தவர், வண்டியைக் கிட்டங்கி வரிசையில் நிறுத்திவிட்டு நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணாச்சி, தாராவியிலே பேச்சியம்மா அக்கா போயிட்டாவ. விடியக்காலம். உமக்கு உடனே சொல்லணும்னு அவ மக செல்லம்மா சொல்லிவிட்டா."

வாயில் இருந்த பற்பொடியைத் துப்பவும் தோன்றாமல் நின்றேன். நான் நின்ற வாசல், சண்டைக் காலத்தில் சிப்பாய்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றின் வாசல். இரண்டு அறை, ஓட்டுக் கூரை, செங்கல் சுவர். எத்தனை மழை பெய்தாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அந்த வீடு எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி நான் என்ன நல்லது சொன்னாலும் அது பொய்யாகிவிடும்.

இன்று பதினாறாம் நாள். அக்காவைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வந்திருக்கிறீர்கள். எனக்கு எழுத்து தெரியாது. மாட்டுங்கா தபாலாபீஸ் வாசலில் கடிதம் எழுதிக்கொடுக்கிற ஐயா, நான் சொல்லச் சொல்ல இதை எழுதித் தந்தார். இங்கே வாசிப்பதும் அவர்தான். ஒரு வரியையும் அழகு பண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

எழுத்து இல்லாவிட்டாலும் எனக்கு ஞாபகம் உண்டு. தாராவியில் சுப்பையா என்றால் அதுதான் பேச்சு. எந்தப் பிள்ளை எந்த மழைக்குப் பிறந்தது, யார் யாரோடு எந்த வருஷம் ரயிலேறி வந்தார் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். பெண் பார்க்கிற இடத்தில் வயதுத் தகராறு வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் சொன்னால் இரு வீட்டாரும் ஒத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு மரியாதை எனக்கு இருந்தது. அதை நான் என்ன செய்தேன் என்று பின்னால் சொல்கிறேன்.

அக்கா நாங்குநேரிப் பக்கம். தோல் ஷாப்பில் வேலை பார்த்த புருஷனோடு பம்பாய் வந்தவர்கள். மூன்றே வருஷத்தில் அவர் காய்ச்சலில் போய்விட்டார். கையில் ஒரு பெண் குழந்தை. ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னவர்களிடம், "ஊர்ல மட்டும் எனக்கு என்ன சோறு பொங்கி மூடி வச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு மண் வேலைக்கு வந்தார்கள். இரண்டே வருஷத்தில் இருபது பெண்கள் அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தார்கள். நெட்டையான உடம்பு. பழைய சேலையைச் சுருட்டிய சும்மாடு ஒன்று எப்போதும் தோளில் கிடக்கும். கூடை ஏற்றும்போது அது தலைக்கு, உட்காரும்போது தரைக்கு, வேர்த்தால் முகத்துக்கு.

சண்டை தொடங்கி மூன்றாவது வருஷம், ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்துவிட்டான் என்று பேச்சு அடிபட்ட நேரம், தாணேயைத் தாண்டி ஒரு விமான மைதானம் போட ஆள் எடுத்தார்கள். அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். அங்குள்ளவர்களின் நில விவகாரம் இன்னும் முடியவில்லை. தாராவியிலிருந்து நாங்கள் எழுபது பேர் போனோம். நான் கடப்பாரைக்காரன். அக்கா மண் சுமக்கும் பெண்களுக்குத் தலைவி.

போய் இறங்கினால் எல்லாம் நெல் வயல். அறுத்த தாள் அப்படியே நிற்கிறது. கரிசல் மண், நம் ஊர்க் கரிசல் மாதிரியே. வயலுக்கு வயல் எல்லைக்கல் நட்டிருந்தார்கள், இடுப்பளவு உயரத்துக்குக் கருங்கல். சில கல்லுக்குச் செந்தூரம் பூசியிருந்தது. சண்டை முடிந்ததும் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லி எடுத்ததாக அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். கல்லையெல்லாம் பிடுங்கி ஜல்லி உடைக்கிற மெஷினுக்கு அனுப்பும்படி ஓவர்சியர் உத்தரவு.

முதல் கல்லுக்கு நான்தான் கடப்பாரை போட்டேன். அக்கா கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"ஏல! கையை எடு. அது எல்லைக்கல்லு."

"ஓவர்சியர் பிடுங்கச் சொன்னாருக்கா."

"அவன் உங்க அப்பனைப் பிடுங்கச் சொன்னாலும் பிடுங்குவியால? எல்லைக்கல்லைப் பிடுங்கினவன் வம்சம் விளங்காதுன்னு உன் ஆத்தா சொல்லித் தரலியா?"

எங்கள் எல்லோருக்கும் அந்தப் பயம் உள்ளுக்குள் இருந்ததுதான். சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அக்கா ஒரு வழி சொன்னார்கள். ஓவர்சியர் பகல் சாப்பாட்டுக்குப் போகிற நேரம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கஞ்சி குடிப்பது போல மறைத்துக்கொள்வார்கள். நடுவில் நான் கல்லைப் பிடுங்கி, அதே இடத்தில் அடியில் சரளைத் தரை தட்டுகிற வரை தோண்டி, கல்லை உள்ளே இறக்கி மண் தள்ளிவிடுவேன். அதற்கு மேல் கல் அடுக்கி, ஜல்லி பரப்பி, ரோலர் ஓட்டினால் யாருக்குத் தெரியும்? முதல் கல்லை நான் படுக்கப் போட்டேன். சீக்கிரம் வேலை முடியுமே என்று.

"நட்டமா வைல," என்றார்கள். "படுக்க வச்சா அது பொணம். நிக்க வச்சாத்தான் எல்லை."

எங்கள் கைக்கு வந்த பகுதியில் பதினோரு கல். பதினொன்றையும் நட்டமாகவே புதைத்தோம். ஒவ்வொன்றுக்கும் அடையாளம் சொல்லி என்னை மனப்பாடம் பண்ண வைத்தார்கள். மைதானத்து ஓரத்தில் மூடாமல் விட்டிருந்த கிணற்றிலிருந்து எத்தனை தப்படி, எந்தப் பக்கம், யாருடைய வயல் என்று. "எனக்கு மறந்துரும். உனக்கு மறக்காது. நீ வச்சிக்கோ" என்றார்கள்.

அந்த வயல்களில் நாலு கல்லுக்கு நடுவில் இருந்தது அன்சாபாய் என்ற பெண்ணின் வயல். புருஷன் இல்லாதவள், இடுப்பில் ஒரு பையன். தினமும் வரப்பு இருந்த இடத்தில் வந்து நிற்பாள். அழமாட்டாள், பேசமாட்டாள், நிற்பாள். கடைசிக் கல்லை மூடிய அன்று அக்கா அவளைக் கூப்பிட்டு, தெரிந்த மராட்டியும் தெரியாத இந்தியும் கலந்து, காலால் தரையைத் தட்டிக் காட்டி, "உன் கல்லு இங்கதான் இருக்கு பாயி. எங்கயும் போகலை. இவனுக போன பிறகு நானே வந்து எடுத்துக் காட்டுதேன்" என்று சொன்னார்கள். அன்சாபாய் அக்காவின் கையைப் பிடித்துத் தன் பையன் தலையில் வைத்தாள். சத்தியம்.

திரும்பி வரும்போது நான் கேட்டேன்: "எக்கா, நாம இருப்போமோ மாட்டோமோ. சத்தியம் எதுக்கு?"

"கரிசல் தரைல. மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதுக்கு மேல என்னத்தைப் போட்டாலும் அசையும். சரளையிலே நிக்கிற கல்லு அசையாது. நான் இல்லாட்டியும் தரையே காட்டிக் குடுத்துரும், பாரு."

பிறகு விமானங்கள் வந்தன. அவை இறங்கும்போது தாணே வரை ஜன்னல் அதிரும் என்பார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள், பஞ்சாபிச் சிப்பாய்கள், இரும்புத் தகடு வேய்ந்த பெரிய கொட்டகைகள். ஓடுபாதையைப் பராமரிக்க எங்களில் சிலரை வைத்துக்கொண்டார்கள். அக்கா தலையில் மண்ணோடு நின்று வானத்தைப் பார்த்து, "இத்தனை பெரிய பறவைக்கு நாம போட்ட கூடுல இது" என்று சிரிப்பார்கள்.

சண்டை முடிந்தது. சிப்பாய்கள் போனார்கள். உடைந்த விமானத் தகடுகளை வெட்டி லாரியில் ஏற்றினார்கள். தாராவியில் கொஞ்ச நாள் எல்லார் வீட்டு அலுமினியச் சட்டியும் ஆகாயத்தில் பறந்த சட்டிதான். ஆனால் நிலம் திரும்ப வரவில்லை. இரண்டு வருஷத்தில் நாடு இரண்டாகி, சிந்துவிலிருந்து வந்த அகதிகளைக் கொட்டகைகளில் குடிவைத்தார்கள். சேலையைக் கட்டித் தடுத்து ஒரு கொட்டகைக்குள் முப்பது குடும்பம். ஓடுபாதை நெடுக அவர்கள் அப்பளம் காயவைப்பார்கள். ஒரு ஓரத்தில் ஊர்க்காரர்கள் நெல்லும் மீனும் காயவைப்பார்கள். அவர்களுடைய நிலத்தில் அவர்களே ஒரு ஓரத்தில்.

வருஷம் ஒருமுறை, அறுவடை முடிந்ததும், அக்கா அங்கே போய்வருவார்கள். சில வருஷம் என்னையும் கூட்டிப்போவார்கள். அன்சாபாய் புது அரிசி ஒரு படி கொடுப்பாள். இரண்டு பேரும் ஓடுபாதையில் நடப்பார்கள். ஆறேழு மழை கழிந்தபோது, அக்கா சொன்னது நடந்தது. சுற்றிலும் தரை கொஞ்சம் இறங்க, கல் நின்ற இடத்தில் மட்டும் மேல்தளம் புடைத்து, நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டது. ஒன்று, இரண்டு, கடைசியில் பதினொன்றும். வேறு எங்கும் அந்த மாதிரி விரிசல் கிடையாது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு விரிசலையும் பாதத்தால் தடவிப் பார்த்து, "எங்கயும் போகலை பாயி" என்று அன்சாபாயிடம் சொல்வார்கள். வருஷா வருஷம் அதே பேச்சு.

அகதிகள் வீடு கிடைத்துப் போனபின் கொட்டகைகள் கிட்டங்கியாகின. கப்பலில் வந்த கோதுமையை அடுக்கினார்கள். நடுவில் சீனாக்காரன் சண்டைக்குப் பட்டாளம் திரும்பி வந்தது, மூட்டையையும் மாட்டையும் துரத்தி விளக்குக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிவிட்டு, இரண்டு மாதத்தில் போய்விட்டது. மறுபடி கோதுமை. கிட்டங்கியைக் குத்தகைக்கு எடுத்திருந்த சேட்டிடம் எனக்கு மூட்டைக்காரர்களை மேய்க்கிற முகாதம் வேலை கிடைத்தது. தினம் தாராவியிலிருந்து போய்வந்தேன்.

இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

ஒருநாள் டீ வேளையில் சேட்டின் மானேஜர், "சுப்பையா, நீ இந்த ரன்வே போட்ட ஆளாமே" என்று கேட்டார். கேட்டால் போதாதா எனக்கு? எத்தனை ரோலர், எத்தனை கழுதை, எந்த ஓவர்சியர் எப்படி நடப்பான் என்று எல்லாம் சொன்னேன். அந்த உற்சாகத்தில் கல் கதையும், விரிசல் அதைக் காட்டிக்கொடுத்த கதையும் சொன்னேன். பெண்கள் கஞ்சி குடிப்பதுபோல் உட்கார்ந்ததை நடித்தே காட்டினேன். மானேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அக்காவின் சத்தியத்தை ஒரு கிளாஸ் டீக்குத் தமாஷாக விற்றது அந்த நாளில்தான்.

பாகிஸ்தான் சண்டைக்கு அடுத்த வருஷம், ஊர்க்காரர்கள் மனு மேல் மனு போட்டு, நிலம் அளக்கிற அதிகாரி வந்து நேரில் விசாரிப்பார் என்று உத்தரவு வாங்கினார்கள். பழைய எல்லை எது என்று காட்ட முடிந்தால் திருப்பிக் கொடுப்பது பற்றி யோசிக்கலாம் என்றார்களாம். மறுநாள் மானேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"லாரிச் சக்கரம் கெட்டுப்போகுது. ரன்வேயிலே இருக்கிற விரிசலையெல்லாம் தார் ஊத்தி அடைச்சிரு. சிப்பாய் வீட்டிலே ஒண்ணு காலியா இருக்கு. நீயே குடும்பத்தோட வந்துரு."

வேறு ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எங்கள் தாராவிக் குடிசை கழிமுகத்துப் பக்கம். ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீர். என் வீட்டுக்காரிக்கு இளைப்பு. மழை மூன்று மாதமும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். அந்த ஓட்டு வீட்டைப் போய்ப் பார்த்தேன். சுவரைத் தொட்டால் கை ஈரமாகவில்லை. இதெல்லாம் காரணம்தான். காரணம் எல்லாருக்கும் இருக்கிறது.

விரிசலைக் கொத்தி, சிமெண்டு அடைத்து, மேலே தார் ஊற்றித் திமிசுக்கட்டையால் தட்டி மட்டம் பண்ணினேன். நாலு நாள் வேலை. முடிந்தபின் நின்று பார்த்தேன். பதினோரு கறுப்புத் திட்டு. யார் பார்த்தாலும் இங்கேதான் தோண்டு என்று சொல்கிற மாதிரி இருந்தது. அதனால் நல்ல இடங்களிலும் கொத்தித் தார் பூசினேன், நூறுக்கு மேல். இதை மானேஜர் சொல்லவில்லை, சேட் சொல்லவில்லை. இது என் சொந்த மூளை. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமான வேலை அதுதான்.

விசாரணை மே மாதம், பகல் பதினோரு மணி. துணிப் பந்தல் போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்கள் ஐம்பது பேர் வெயிலில். அன்சாபாய் மடியில் ஒரு தேங்காயும் செந்தூரப் பொட்டலமும் வைத்திருந்தாள். கல் வெளியே வந்ததும் பூஜை பண்ண. அக்கா அந்தோணியின் லாரியில் வந்து இறங்கினார்கள். கண்ணில் புரை விழுந்து பாதிப் பார்வைதான் அப்போது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்திட்டியால? நல்லதாப் போச்சு. எனக்குக் கண்ணு தெரியலைன்னாலும் நீ இருக்கே."

நான் தலையை ஆட்டினேன்.

அதிகாரி காட்டச் சொன்னார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம் போலப் பாதத்தால் தடவிக்கொண்டு நடந்தார்கள். கிணற்றுப் பக்கம் போய், நின்று, திரும்பி, மறுபடி நின்றார்கள். விரிசல் காலில் தட்டவில்லை. எங்கே வைத்தாலும் மொழுமொழுவென்று இருந்தது. மே மாத வெயிலில் என் புதுத் தார் இளகியிருந்தது. ஓரிடத்தில் காலை எடுத்தபோது பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அக்கா ஒரு காலில் நின்றபடியே பாதத்தை விரலால் தொட்டு, விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள்.

"இங்க தோண்டுங்க" என்றார்கள். ஆட்கள் தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. இன்னொரு இடம். ஒன்றும் இல்லை. மூன்றாவது இடத்திலும் ஜல்லியும் கரிசலும்தான். கிட்டங்கி ஆட்கள் சிரித்தார்கள். "கிழவி புதையல் தேடுது" என்று ஒருவன் சொன்னான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா பந்தலுக்கு வந்து அதிகாரியிடம் சொன்னார்கள்: "சுப்பையாகிட்ட கேளுங்க சாப். அவன்தான் என்கூடப் புதைச்சவன். அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். தாராவியிலே யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

அதிகாரி என்னைப் பார்த்து இந்தியில் கேட்டார், ஞாபகம் இருக்கிறதா என்று.

கிணற்றிலிருந்து கிழக்கே நாற்பத்திரண்டு தப்படி. அங்கிருந்து வடக்கே பதினேழு. அது அன்சாபாயின் முதல் கல். நாக்கு நுனியில் நின்றது. மானேஜர் பந்தல் காலில் சாய்ந்துகொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார்.

"யாத் நஹி, சாப்" என்றேன். ஞாபகம் இல்லை. "படிக்காத ஆளு. இருபத்தஞ்சு வருசம் ஆச்சு."

எழுதிக்கொண்டு என் கட்டைவிரல் ரேகை வாங்கினார்கள். அன்சாபாய் எழுந்தாள். அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருஷமும் ஏமாற்றினாயா என்று கேட்கிற பார்வை. தேங்காயை மடியிலேயே முடிந்துகொண்டு போய்விட்டாள்.

எல்லாரும் கலைந்தபின் அக்கா என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நான் உள்ளே இருந்தேன். என் வீட்டுக்காரியிடம் கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டார்கள், காலில் ஒட்டிய தாரைத் துடைக்க. அவள் ஊற்ற, வாசற்படியில் உட்கார்ந்து சும்மாட்டுத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்கள். முடித்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"வீடு நல்லா இருக்குல. ஒழுகாதோ?"

"ஒழுகாதுக்கா."

"நல்லது."

அவ்வளவுதான். சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தார்கள்.

அக்கா இதைத் தாராவியில் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே கூடியிருக்கிற உங்களில் ஒருவருக்கும் இது இன்றுவரை தெரியாது என்பதே அதற்குச் சாட்சி. கல்யாணம் காட்சிக்கு நான் வந்தால், "வால, சாப்பிட்டியா?" என்று முன்போலவே கேட்பார்கள். ஒன்று மட்டும் மாறியது. முன்னெல்லாம் எதற்கெடுத்தாலும், "ஏல சுப்பையா, அது எந்த வருசம்?" என்று என்னைக் கேட்பார்கள். தெரிந்ததையும் கேட்பார்கள். நான் சொல்வதைக் கேட்க அவர்களுக்கு ஒரு சந்தோஷம். அந்த மே மாதத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட என்னிடம் வருஷம் கேட்கவில்லை. யாராவது கேட்க வந்தாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள், எனக்குச் சங்கடம் வேண்டாம் என்பதுபோல. அறுவடைக்குப் பிறகு அன்சாபாய் ஊருக்குப் போவதையும் விட்டுவிட்டார்கள். புது அரிசி வருவதும் நின்றது. அப்படி இரண்டு வருஷம்.

அந்தோணியின் லாரியில் ஏறி நான் தாராவிக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றிக் கிடத்தியிருந்தார்கள். பாதம் இரண்டும் என் பக்கம். குதிகால் வெடிப்புக்குள் கறுப்புக் கோடு இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. இரண்டு வருஷத்துத் தார் எப்படி இருக்கும்? இருக்காது. எனக்குத் தெரிந்தது. செல்லம்மாள் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள்.

"மாமா, அம்மை பம்பாய்க்கு வந்தது எந்த வருசம், வயசு என்னன்னு சுடுகாட்டு ஆபீசிலே எழுதணுமாம். எனக்குத் தெரியலை. முந்தாநாள் அம்மையே சொன்னா. 'நான் போயிட்டா வருசமெல்லாம் சுப்பையாகிட்ட கேளு. அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்'னு."

அதே வார்த்தை. பந்தலில் சொன்ன அதே வார்த்தை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வருஷத்தைச் சொன்னேன், மாதத்தைச் சொன்னேன், வந்து இறங்கிய அன்று தாதர் ஸ்டேஷனில் மழை பெய்ததையும் சொன்னேன்.

சயான் சுடுகாட்டில் காடாத்து முடிந்து சாம்பலை அள்ளிய மறுநாள் காலை, கடப்பாரையை எடுத்துக்கொண்டு அன்சாபாய் வீட்டுக்குப் போனேன். அவள் கதவை முழுதாகத் திறக்கவில்லை. அவள் மகன்தான், "என்ன வேணும்?" என்று அதட்டினான். வாருங்கள், ஒன்று காட்டுகிறேன் என்றேன். கிணற்றிலிருந்து கிழக்கே நாற்பத்திரண்டு. வடக்கே பதினேழு. என் தார்த் திட்டு ஒன்று அங்கே மினுமினுவென்று இருந்தது. கொத்தினேன். எனக்கு அறுபதுக்கு மேல் ஆகிறது. பாதியில் மகன் கடப்பாரையை வாங்கிக்கொண்டான். தளம் போய், அடுக்குக்கல் போய், முழங்கை ஆழத்தில் 'ணங்' என்றது. கையால் மண்ணைத் தள்ளினோம். நின்றுகொண்டிருந்தது. நட்டமாக. நெற்றிப் பக்கம் செந்தூரம் துருப்பிடித்த மாதிரி இன்னும் ஒட்டியிருந்தது.

அன்சாபாய் குழி ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அந்த பாயி எங்கே?"

போய்விட்டார்கள் என்று சொன்னேன். தாரைப் பூசியது நான்தான் என்றும் சொன்னேன். மகன் கடப்பாரையை இறுகப் பிடித்தான். அன்சாபாய் அவன் கையில் கை வைத்தாள். என்னைத் திட்டவில்லை. என் பக்கம் பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போய் ஒரு தேங்காய் கொண்டுவந்து கல்லின் தலையில் உடைத்தாள். ஒரு மூடியைக் கல்லுக்கு வைத்தாள். மறு மூடியை என் கையில் திணித்து, "அவளுக்கு" என்றாள்.

பதினோரு கல்லின் தப்படிக் கணக்கும் இப்போது எழுத்தில் இருக்கிறது. நான் பொய் சொன்னேன் என்பதும் அதே காகிதத்தில் இருக்கிறது. ஐயா இரண்டு தடவை வாசித்துக் காட்டியபின் ரேகை வைத்தேன். அன்சாபாய் மகன் அதை நிலம் அளக்கிற ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். மறுபடி விசாரிப்பார்களா என்று தெரியாது. கிட்டங்கிக்குப் பின்னால் ஏதோ தொழிற்சாலைக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. தாமதமாகச் சொன்ன சாட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கும் நான்தான் காரணம்.

மானேஜர் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். என் வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வதென்று நின்றேன். அவள் ஏற்கெனவே பாத்திரத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு மண்ணெண்ணெய் ஊத்தும்போதே எனக்குத் தெரியும். நீரா எப்பச் சொல்லுவீர்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

அக்காவை யாரும் போட்டோ பிடித்து வைக்கவில்லை. அதனால் அவர்களுடைய சும்மாட்டைச் சுருட்டி மணைமேல் வைத்து விளக்கேற்றியிருக்கிறாள் செல்லம்மாள். அதன் ஓரத்தில் கறுப்பாகத் தெரிவது தார்தான், பெரியவர்களே. அதற்குப் பக்கத்தில் காய்ந்து கிடப்பது அன்சாபாய் கொடுத்த தேங்காய் மூடி.

எக்கா, உங்கள் சத்தியத்தை இரண்டு வருஷம் பொய்யாக்கி வைத்திருந்தேன். அதில் ஒரு கல்தான் இதுவரை உண்மையாகியிருக்கிறது. மிச்சம் பத்து. இருக்கிற வரைக்கும் கேட்கிறவர்களுக்கெல்லாம் இடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். போய் வாருங்கள்.

நேற்று மழை பிடித்துக்கொண்டது. பழைய இடத்துக்கே, கழிமுகத்துக் குடிசைக்கே வந்துவிட்டோம். ஒழுகுதுக்கா.